கணக்கில் சேராத குண்டு

அன்புள்ள சாம்,

போனில் கூப்பிட்டால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். வீட்டுக்கு வந்தால் உன் அப்பாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கிரிக்கெட் பேசுவாய். அதனால்தான் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உனக்கும் ஷாரனுக்கும் மூன்று வாரக் கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று நம் போதகர் ஐயர் சபையைப் பார்த்துக் கேட்பார். நான் வழக்கம்போல முன்பக்கத்து பெஞ்சில் இருப்பேன். பயப்படாதே, எழுந்து நின்று உன் மானத்தை வாங்க மாட்டேன். உன் கல்யாணத்தை நிறுத்துவதற்காகவும் இதை எழுதவில்லை. நீ போன வருஷம் நிச்சயம் பண்ணிவிட்டு வேண்டாமென்று சொன்ன ஸ்டெல்லாவுக்கு என்ன ஆனது என்பது உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதுவரை பொறுமையாக வாசி.

என் வேலையைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உனக்குத் தெரிந்தது கண்ணாடி அலமாரியில் இருக்கிற கோப்பைகள்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் அந்தப் பெண்கள் கல்லூரியில் பி.டி. மேடமாகச் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது இரண்டு த்ரோபால், ஒரு கிழிந்த வலை, ஒரு விசில். படிக்கிற காலத்தில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டவள் என்று தெரிந்ததும் அப்போதைய பிரின்சிபல் அம்மா, "அப்போ பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடேன்" என்றார்கள். அவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள், நான்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுதியில் பழைய சாப்பாட்டுக் கூடம் சும்மா கிடந்தது. அதில் பத்து மீட்டர் அளந்து, கோடியில் பலகை அடித்து, இரண்டு ஏர் ரைபிளோடு ரேஞ்சை ஆரம்பித்தேன். முதல் வாரமே ஒரு அண்ணாச்சி, பஜாரில் பெரிய கடைக்காரர், ஆபீஸ் அறையில் நின்று சத்தம் போட்டார். "படிக்க அனுப்புன பிள்ளைய துப்பாக்கி தூக்கச் சொல்லுதியளே, நாளைக்கு எந்த மாப்பிள்ள வருவான்?" அவருடைய மகள் இன்று போலீஸில் இன்ஸ்பெக்டர். மாப்பிள்ளையும் வந்தான், ரொம்ப மரியாதையாகவே நடந்துகொள்கிறான்.

துப்பாக்கி சுடுகிறவர்கள் போடுகிற விறைப்பான ஜாக்கெட் வாங்க அப்போது வழியில்லை. துறைமுகத்து லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவரிடம் சொல்லி, தார்ப்பாய்த் துணியிலேயே ஒன்று தைத்தேன். டீமில் நாலு பிள்ளைகளுக்கும் அந்த ஒரே ஜாக்கெட். ஒருத்தி சுட்டு முடித்துக் கழற்றினால் அடுத்தவள் அந்த வேர்வை ஈரத்தோடேயே மாட்டிக்கொள்வாள். பல்கலைக்கழகப் போட்டியில் எங்களைப் பார்த்து, "லாரி வந்தாச்சு, வழி விடுங்க" என்று சிரித்தார்கள். அந்த வருஷம் கடைசியில் வந்தோம். அடுத்த வருஷமும் கடைசிதான். ஆனால் அதற்கடுத்த வருஷம் அந்த லாரியே கோப்பையை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. அதன்பிறகு எங்கள் கல்லூரி பெயரைச் சொன்னால் மற்ற டீம்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள், கடற்கரைப் பிள்ளைகள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் என் கைக்குள் வந்து, ரயில்வேயிலும் போலீஸிலும் வேலைக்குப் போனார்கள். நம் ஊர்க் காற்றில் இரும்பு இரண்டு நாள் சும்மா இருந்தால் துரு ஏறிவிடும். அதனால் தினமும் சாயங்காலம் ரைபிளை எண்ணெய்த் துணியால் துடைக்காமல் யாரையும் வீட்டுக்கு விடமாட்டேன். நீ சின்னப் பிள்ளையில் "அம்மா மேல மெஷின் வாசம் வருது" என்று சொல்லி என் பக்கத்தில் படுக்க மறுப்பாய்.

எப்படி ஜெயித்தீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் ஒழுக்கம், பயிற்சி என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை சுடும்போது நான் டார்கெட்டைப் பார்ப்பதில்லை. அவள் பின்னால் நின்று பிடரியைப் பார்ப்பேன். காலையில் சாப்பிடாமல் வந்தவள், வீட்டில் சண்டை போட்டு வந்தவள், மாசத்து வலியோடு நிற்கிறவள், எல்லாம் பிடரியில் தெரியும். அப்போது கிட்டே போய், "போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்பேன். அவ்வளவுதான் என் வித்தை. ஊரார் பிள்ளைகளின் பிடரியை இப்படிப் பார்த்தவளுக்குப் பெற்ற பிள்ளை மனசு தெரியாமல் போய்விட்டதே என்று இப்போது ஆற்றாமையாக இருக்கிறது.

நீ ஸ்கூல் விட்டதும் நேரே ரேஞ்சுக்கு வருவாய். பிள்ளைகள் உனக்கு முறுக்கு வாங்கித் தருவார்கள், ரைபிளைத் தாங்கிப் பிடித்துச் சுடவும் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகத்தான் சுட்டாய். ஆனால் உன்னிடம் ஒரு கோளாறு இருந்தது. மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அதில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம். ரைபிள் இன்றைக்கு எந்தப் பக்கம் இழுக்கிறது, வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துகொள்வதற்கு. அதற்குப் பெயர்தான் சைட்டர். அந்தக் குண்டுகள் கணக்கில் சேராது. நீ சைட்டரில் பிரமாதமாகச் சுடுவாய், கறுப்பு வட்டத்துக்கு நடுவே கொத்தாக விழும். மேட்ச் என்றதும் கை ஆடிவிடும். "அம்மா, இன்னும் ஒரே ஒரு சைட்டர்" என்று கெஞ்சுவாய். பிள்ளைகள் உனக்கு 'சைட்டர் சாம்' என்றே பேர் வைத்தார்கள். அன்றைக்கு நானும்தான் சேர்ந்து சிரித்தேன். சின்னப் பையன்தானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கீழவைப்பாரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை. அவளுடைய அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு. முதல் நாள் ரைபிளைக் கையில் கொடுத்ததும், "எவ்வளவு கனமா இருக்கு மேடம்" என்று சொல்லாத ஒரே பிள்ளை அவள்தான். என் இத்தனை வருஷ வேலையில் அவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைத்ததில்லை. நீ லீவுக்கு வந்தபோது ரேஞ்சில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன் என்று தினமும் வந்து உட்கார்ந்தாய். நன்றாக இருக்கிற கம்ப்யூட்டரை ஒரு மாதம் ரிப்பேர் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். எனக்குப் புரிந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் கத்தோலிக்கர், நாம் வேறு சபை, ஜாதியும் வேறு. உன் பெரியப்பா மூன்று மாதம் நம்மோடு பேசவில்லை. எல்லாவற்றையும் தாண்டி உன் அப்பாவும் நானும் கீழவைப்பாருக்குப் போய் பெண் கேட்டோம். அந்தப் பிள்ளைக்கு நானே கடையில் நின்று அரக்குச் சேலை எடுத்தேன். இரண்டு கோயிலிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள்.

மறுநாள் நீ எனக்குப் போன் செய்தாய். "ஒத்து வராதும்மா. விட்ருங்க" என்றாய். ஏன் என்று கேட்டேன். அப்பா கேட்டார். நம் ஐயர் கேட்டார். யாருக்கும் நீ பதில் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நம் கோயிலில் இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை என்றால் டவுனில் நாலு பேர் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அவர்கள் ஊர் அப்படியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையச் சனம் உட்கார்ந்திருக்க, சாமியார் மற்ற ஓலையெல்லாம் வாசித்துவிட்டு இவள் பெயரை வாசிக்காமல் தாளை மடித்து வைத்திருக்கிறார். அவளும் அவள் அம்மாவும் பூசை முடியும் வரைக்கும் எழுந்து போகாமல் அங்கேயே இருந்திருக்கிறார்கள்.

நானும் அப்பாவும் போய் மன்னிப்புக் கேட்டோம். நீ வரவில்லை. அவளுடைய அப்பா எங்களைத் திட்டுவார், வாசலோடு அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டார். கடுங்காப்பி வந்தது. நாங்கள் குடித்து முடித்ததும் சொன்னார்.

"ஒங்க மவன் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவிய டீச்சர்? எம்பிள்ள ரேஞ்சுக்கு வாரத மட்டும் நிறுத்த மாட்டேன். ரயில்வேல எடுக்காவன்னு சொல்லுதா. அது வரைக்கும் ஒங்க பொறுப்பு. பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினால் போதும் என்று இருந்தேன். எனக்கு இந்த வருஷத்தோடு ரிட்டயர்மென்ட். அதற்குள் ஸ்டெல்லாவை ரயில்வேயில் சேர்த்துவிட்டால், நீ செய்ததில் கொஞ்சமாவது நேராகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவளும் வந்தாள். ஒரு நாள் தவறாமல் வந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அழவில்லை. ஆனால் சுடுவதில் ஏதோ இடறியது. முதல் சில குண்டுகள் எங்கெங்கோ போகும், அப்புறம் கட்டுக்குள் வந்துவிடுவாள். மனசுதான் காரணம், நாளாக நாளாக ஆறும் என்று நினைத்தேன். அவள் ஒரு மூலையில் நிற்பாள், எனக்கு மற்ற பிள்ளைகளையும் பார்க்க வேண்டும், அதனால் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பயிற்சி மேட்ச் வைத்து, நானே அவள் பின்னால் போய் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், சைட்டிங் நேரம் முழுக்க அவள் ரைபிளைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. மேட்ச் என்று சொன்ன பிறகுதான் ரைபிளைத் தொட்டாள். எந்த ரைபிளிலும் அப்படிச் சுட்டால் குண்டு நடுவில் போகாது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஏளா, ஏன் சைட்டர் போடல? பெல்லட் மிச்சம் பிடிச்சு வீடு கட்டப் போறியா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஸ்டெல்லா கையுறையைக் கழற்றினாள். எல்லாரும் போன பிறகு, ரைபிளைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஓலை வாசிச்ச மறுநாள் அவுக போன் பண்ணாவ மேடம். ஒத்து வராதுன்னாவ. நான் அழுதேன். ஏன்னு கேட்டேன். அதுக்கு, 'அழாத ஸ்டெல்லா, இத ஒரு சைட்டர்னு நெனச்சுக்கோ. நீ ஷூட்டர்தான, ஒனக்குப் புரியும்'னு சொன்னாவ."

துணியை மடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நான் அவுகளுக்கு சைட்டரா, அவுக எனக்கு சைட்டரான்னு கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்குள்ள போன வச்சிட்டாவ. இப்ப நீங்க சைட்டிங்னு சத்தம் குடுக்கையில வெரலு ட்ரிகருக்குப் போவ மாட்டேங்கு மேடம். நானும் எவ்வளவோ பாத்துட்டேன்."

சாம், நீ அவளை வேண்டாமென்று சொன்னதைக்கூட நான் ஒருவழியாக விழுங்கிவிட்டேன். பிடிக்காமல் கட்டிக்கொண்டு காலம் பூராவும் அவளை வதைப்பதற்கு அது மேல் என்று உன் அப்பா சொன்னார், சரி என்றேன். இந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அது என் ரேஞ்சில் பொறுக்கிய சொல். நான் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுப்பதற்காக ஆயிரம் தடவை சொன்னது. கணக்கில் சேராது, பயப்படாமல் சுடு என்பேன். சுடுகிற பிள்ளைக்குத்தான் அது கணக்கில் சேராது. சைட்டருக்கும் மேட்சுக்கும் குண்டு ஒன்றுதான், வருகிற வேகமும் ஒன்றுதான், அட்டையில் விழுகிற ஓட்டையும் ஒரே அளவுதான். இத்தனை வருஷம் ரேஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றவனுக்கு இது தெரியாமலா போனது? ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே பிழைப்பில் கை வைத்திருக்கிறாய். வேறு யாராவது பெண்ணாக இருந்திருந்தால் அந்த வார்த்தை புரியாமலே போயிருக்கும். புரியும் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய்.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். குண்டு போடாமல் வெறுமனே ட்ரிகரை இழுக்கச் சொன்னேன். அந்தச் சொல்லையே ரேஞ்சில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது, 'வார்ம் அப்' என்று சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டதற்கு, மேலிடத்தில் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பொய்யும் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. போட்டியில் நடுவர் சத்தமாக அந்தச் சொல்லைத்தான் சொல்லப்போகிறார், அவர் வாயை நான் மூட முடியுமா? ரயில்வே ட்ரையல் அடுத்த மாதம். முதல் குண்டுகளை வீணடித்துவிட்டு அங்கே யாரும் தேற முடியாது. இரண்டு நாள் கழித்து அவள் என் அறைக்கு வந்து, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவப்படுவியளா?"

"சொல்லு."

"நீங்க பின்னால நிக்கையில ஒங்க வீட்டு நெனப்பா வருது மேடம். நீங்க சேல எடுத்துக் குடுத்தது, சார் என்னைய மருமவளேன்னு கூப்பிட்டது. ஒங்கள கோச்சா மட்டும் பாக்கணும்னுதான் பாக்கேன். முடியல."

கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு எங்கே இருக்கிறது வக்கு? "சரி, பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் பிள்ளைகள் என்னிடம் எத்தனையோ காரணத்துக்காக நின்றிருக்கிறார்கள், கல்யாணம், படிப்பு, வீட்டுக் கஷ்டம். நீங்கள் பின்னால் நிற்பதால் சுட முடியவில்லை என்று ஒருத்தியும் சொன்னதில்லை. அதுவும் அவள் சொன்னது பொய்யில்லை. என் முகத்தில் உன் சாடை இருக்கிறது, எல்லாரும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, "வசந்திட்ட கொண்டு விடு" என்றார். வசந்தியை உனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் கோச். எங்களை அடிக்கடி தோற்கடித்த டீம் என்று ஒன்று இருந்தால் அது அவளுடையதுதான். நானும் அவளும் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கும், வாட்டர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டே கடந்துவிடுவோம். "அவகிட்ட போவதுக்கு நான் கடல்ல குதிக்கேன்" என்றேன். "கடல் எங்கயும் போவாது, ட்ரையல் போயிரும்ளா" என்றார் உன் அப்பா. அவர் எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் இப்படித்தான்.

போன் செய்தேன். "என்ன மேடம், ரைபிள் ரிப்பேரா?" என்று சிரித்தாள். விஷயத்தை முழுக்கச் சொன்னேன், உன்னையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. "கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டெல்லாவின் அப்பாவுக்கும் போன் செய்து சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேனே, என்னால் முடியவில்லை என்றேன். "நீங்க எங்க விட்டாலும் சரிதான் டீச்சர்" என்றார். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனோம். ரைபிள் பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர், "என்னம்மா, வயலின் கச்சேரியா?" என்று கேட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அங்கே போய்ச் சேர்ந்ததும் வசந்தி அவள் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனாள். நான் போகவில்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது, அதில் உட்கார்ந்தேன். இன்னொருத்தியின் ரேஞ்சுக்கு வெளியே, ஆஸ்பத்திரி வார்டில் ஆளைச் சேர்த்துவிட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வசந்தியின் குரல் கேட்டது. சைட்டிங் என்றுதான் சொன்னாள், வார்த்தையை மாற்றவில்லை. அப்புறம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு குண்டு போனது. ஏர் ரைபிள் சத்தம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பார்கள், எங்கள் ரைபிளை எனக்குத் தெரியும். பிறகு இன்னொன்று. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. சந்தோஷமாக இருந்தது சாம், உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில் பொறாமையும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் வளர்த்த பிள்ளை, என் கடைசிப் பிள்ளை, இனி வசந்தி முன்னால் நின்று சுடுவாள். ட்ரையலுக்கும் வசந்திதான் கூடப் போவாள். சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது உனக்குத் தோன்றும், உடனே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று. செய்யாதே. இப்போதுதான் அவள் விரல் ட்ரிகரைத் தொட்டிருக்கிறது. உன் மனதை லேசாக்கிக்கொள்வதற்காக மறுபடியும் அவள் காதில் உன் குரலைக் கொண்டு போகாதே. கீழவைப்பாருக்கும் போகாதே. என்றைக்காவது அவளே உன்னிடம் கேட்டால், அன்றைக்கு ஏன் என்று உள்ளதைச் சொல். கேட்காவிட்டால், சொல்லாமலே சுமந்துகொண்டிரு. அது உனக்கு உரியதுதான்.

நீ செய்ய வேண்டிய காரியம் வேறு. நேற்று ஷாரன் எனக்குப் போன் செய்தாள். கல்யாணச் சேலை ஜாக்கெட்டுக்கு என் அளவு கேட்பதற்காகக் கூப்பிட்டவள் அரை மணி நேரம் பேசினாள். நல்ல பிள்ளை, கலகலவென்று இருக்கிறாள், அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நடுவில் அவளே, "முன்னாடி ஒரு நிச்சயம் நடந்துச்சுல்ல ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் பேசி சுமுகமா முடிச்சுக்கிட்டாங்கன்னு சாம் சொன்னார். அதான் அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது, யாரையும் நோகடிக்க மாட்டார்" என்றாள். என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவளிடம் உள்ளதைச் சொல். ஓலை வாசித்த மறுநாள் யாரையும் கேட்காமல் நீயாக முறித்தாய் என்பதைச் சொல். அந்தப் பிள்ளை அழுதபோது என்ன வார்த்தை சொன்னாய் என்பதையும் சொல். நேரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் கோபப்படலாம், அழலாம், உன்னை வேண்டாமென்றுகூடச் சொல்லலாம். கேட்டுவிட்டும் சரி என்றால், ஞாயிற்றுக்கிழமை ஓலையை நான் தலை நிமிர்ந்து கேட்பேன். கல்யாணத்துக்கு உனக்குப் பிடித்த அந்த வெந்தயக்கலர்ப் பட்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பேன். நீ என் மகன், உன்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை, குறையவும் குறையாது. அதனால்தான் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஸ்டெல்லாவின் அம்மாவைப் போல இன்னொரு அம்மா தன் பிள்ளைக்குப் பக்கத்தில் விவரம் தெரியாமல் கோயிலில் உட்கார்ந்திருக்க நான் விடமாட்டேன்.

சனிக்கிழமை வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. ஞாயிறு காலையில் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நான் ஷாரனுக்குப் போன் செய்வேன். "சாம் சொன்னானா?" என்று மட்டும் கேட்பேன். அவள் "எதை ஆன்ட்டி?" என்று கேட்டால், நான் சொல்லிவிடுவேன்.

அம்மா